குறைந்த செலவில் குவான்சோ: பழைய துறைமுக நகரில் மூன்று நாள்

1281இல், குப்லாய் கான் ஆட்சியில், சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் சீனாவின் குவான்சோ நகரில் சிவபெருமானை எழுந்தருளச் செய்து, அதைத் தமிழில் கல்லிலும் வெட்டி வைத்தார். கல்லூரிக் காலத்தில் அந்தக் கல்வெட்டைப் பற்றிப் படித்ததிலிருந்தே இந்த ஊர் மனசில் இருந்தது. போன வருடம்தான் போக முடிந்தது. மூன்று இரவு. தங்கல், சாப்பாடு, பேருந்து எல்லாம் சேர்த்து ஊருக்குள் 600 யுவானுக்குள் முடிந்தது. யுவானுக்கு 12 ரூபாய் என்று வைத்தால் சுமார் 7,000 ரூபாய். முதல் இரவு ஒரு தவறு நடக்காமல் இருந்திருந்தால் இன்னும் நூறு யுவான் மிஞ்சியிருக்கும். அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

விசாவும் விமானமும் உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டே எழுதுகிறேன். சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக ஷியாமென் வரை பறந்து, அங்கிருந்து ரயில் பிடிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

1. ரயில் சீட்டு

12306 என்ற சீன ரயில்வே செயலியிலேயே எடுங்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது, தரகுக் கட்டணம் கிடையாது. கடவுச்சீட்டைச் சரிபார்க்க நேரம் எடுக்கும் என்பதால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கணக்குத் தொடங்கிவிடுங்கள்.

ஊர்ப் பெயரில் கவனம். குவாங்சோ வேறு, குவான்சோ வேறு. முதலாவது குவாங்தோங் மாகாணத்தின் பெருநகரம், இரண்டாவதுதான் நம்முடையது. ஃபூஜியன் மாகாணம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிலையத்திலும் குழப்பம் உண்டு. 2023இல் திறந்த புதிய அதிவேகப் பாதையில் குவான்சோ கிழக்கு, குவான்சோ தெற்கு என்று இரண்டு நிலையங்கள் வந்துவிட்டன. ரயில் வேகமாகப் போகும், ஆனால் இறங்கும் இடம் பழைய ஊரிலிருந்து தள்ளி இருக்கும். திசைப் பெயர் இல்லாத வெறும் 'குவான்சோ' நிலையத்துக்கே எடுங்கள். அங்கிருந்து நகரப் பேருந்து உண்டு.

2. போனும் பணமும்

அலிபே என்ற பணம் கட்டும் செயலி இல்லாமல் போகாதீர்கள். தெருவில் நுங்கு அளவுக்கு ஒரு பொருள் வாங்கினாலும் க்யூஆர்தான். விசா அல்லது மாஸ்டர்கார்டை வீட்டிலிருந்தே இணைத்துவிடுங்கள், ரூபே எடுக்காது. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க வேண்டும். ஓடிபி நம் எண்ணுக்குத்தான் வரும், அதனால் இந்திய சிம் உயிரோடு இருக்கட்டும். 200 யுவானுக்கு மேல் ஒரே தடவையில் கட்டினால் 3 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். பெரிய தொகையை இரண்டு நாளாகப் பிரித்துக் கட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

கூகுள் மேப்பை மறந்துவிடுங்கள். காவ்தே வரைபடம், அதாவது ஆமேப், பேருந்து எண்ணையும் எந்த வாசலில் நுழைவது என்பதையும்கூடச் சரியாகக் காட்டுகிறது. வேறு எதுவும் அதற்கு ஈடாகாது.

3. தங்குமிடம்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். மேற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், 65 யுவானுக்கு, பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு படுக்கை பதிவு செய்திருந்தேன். போய்ச் சேர்ந்தது இரவு பத்தரை மணிக்கு. மேசையில் இருந்த பையன் என் கடவுச்சீட்டை முன்னும் பின்னும் புரட்டினான். அட்டை வைக்கும் கருவிமேல் அதை வைத்துப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கோ போன் செய்தான். பிறகு மொழிபெயர்ப்புச் செயலியை என் முகத்துக்கு நேரே நீட்டினான்: "மன்னிக்கவும், வெளிநாட்டவரைப் பதிய எனக்குத் தெரியாது."

தங்க வரும் ஒவ்வொருவரையும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிய வேண்டும். சீன அடையாள அட்டை என்றால் கருவியில் வைத்ததும் விவரம் ஏறிவிடும். கடவுச்சீட்டைக் கையால் அடித்துப் பதிய வேண்டும், சிறிய விடுதிகளில் பலருக்கு அது பழக்கமில்லை. வெளிநாட்டவர் என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2024இல் அரசே தெளிவுபடுத்தியது உண்மைதான். ஆனால் பத்தரை மணிக்கு, பையோடு நிற்கும்போது, அந்தப் பையனிடம் சட்டம் பேச எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவு 180 யுவான் கொடுத்து வேறிடம் போனேன்.

மறுநாளிலிருந்து செய்ததையே உங்களுக்கும் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்குச் சீன மொழியில் செய்தி அனுப்புங்கள்: "நான் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறேன், உங்களால் என்னைப் பதிய முடியுமா?" மொழிபெயர்ப்புச் செயலி போதும். 'முடியும்' என்று பதில் வந்தால் அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஆள் தயங்கினால் அந்தப் படத்தைக் காட்டுங்கள். அப்புறம், முடிந்தவரை மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேருங்கள். அந்த நேரத்தில் விவரம் தெரிந்தவர் இருப்பார்.

4. சுற்றும் வரிசை

நல்லவை எல்லாம் இங்கே இலவசம், அல்லது கிட்டத்தட்ட இலவசம். பழைய ஊர் நடக்கும் தூரம்தான்.

காலை முதல் வேலையாகக் காய்யுவான் கோயில். 7ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பௌத்தக் கோயில், நுழைவுக் கட்டணம் இல்லை. எல்லோரும் இரண்டு கற்கோபுரங்களின் முன் படம் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறார்கள். நீங்கள் முதலில் பெரிய மண்டபத்தின் முன்மேடை அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். மனித முகமும் சிங்க உடலுமாக வரிசையாகப் புடைப்புச் சிற்பங்கள். நம் கோயில்களில் புருஷாமிருகம் பார்த்தவர்களுக்கு உடனே பொறிதட்டும்.

அப்புறம் மண்டபத்தைச் சுற்றிப் பின்புறம் போங்கள். அங்கே பதினாறு பட்டை கொண்ட இரண்டு தூண்கள். மறைந்துபோன ஒரு இந்துக் கோயிலின் கற்கள் அவை, மிங் அரச மரபின் காலத்தில் நடந்த புதுப்பிப்பில் இங்கே வந்து சேர்ந்தவை. ஒரு சிறிய வட்டத்துக்குள் நரசிம்மர், மடியில் இரணியன். இன்னொன்றில் இரண்டு மரங்களுக்கு நடுவே கண்ணன். உள்ளங்கையால் மறைத்துவிடலாம் போன்ற அளவு. கல் மழுங்கியிருக்கிறது, ஆனால் கதை மழுங்கவில்லை. நான் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். சுற்றுலாக் குழுக்கள் வருமுன் போனால் உங்களுக்கும் அந்த நேரம் கிடைக்கும்.

அடுத்து தூமன் தெருவில் 1009இல் கட்டிய சிங்சிங் மசூதி. நான் போனபோது 3 யுவான். கூரை போய்விட்டது, கருங்கல் வாசல் அப்படியே நிற்கிறது. சில அடி தள்ளி குவான்தி கோயில், ஊதுபத்திப் புகையோடு. இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

இரண்டாம் நாள் கடல்வழித் தொடர்பு வரலாற்று அருங்காட்சியகம், இதுவும் இலவசம். அரபு எழுத்துக் கல்லறைகளும் சிலுவையும் தாமரையும் சேர்ந்த கற்களும் நம் கோயில் சிற்பத் துண்டுகளும் ஒரே ஊர் மண்ணிலிருந்து கிடைத்தவை. அரை நாள் ஒதுக்குங்கள்.

மூன்றாம் நாள் பேருந்தில் லோயாங் பாலம். 1053 முதல் 1059 வரை கட்டியது. அடிக்கற்கள் அலையில் நகராமல் இருக்க, அவற்றின்மேல் சிப்பிகளை வளர்த்து ஒட்டவைத்தார்கள். உயிரே சுண்ணாம்பாக வேலை செய்திருக்கிறது.

பழைய பயணிகள் இந்த நகரை ஜைத்தூன் என்றார்கள். ஊரெங்கும் நட்டிருந்த சித்தோங் மரத்தின் பெயரிலிருந்து வந்தது. அது வேறொன்றுமில்லை, நம் கல்யாண முருங்கைதான்.

பிற்சேர்க்கை

சைவம் கிடைக்குமா என்று பலர் கேட்டிருந்தார்கள். கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். காலையில் எல்லோரும் குடிக்கும் மியென்ஷியன்ஹூ மெல்லிய சேமியாக் கஞ்சி மாதிரி இருக்கும், மேலே ஒன்றும் போடாமல் வாங்கினாலும் சாறு அசைவம்தான். சைவத்தைக் குறிக்கும் 'சு' என்ற சீன எழுத்தைப் படமாகப் போனில் வைத்துக்கொண்டு, கோயில்களைச் சுற்றியுள்ள தெருக்களில் பெயர்ப்பலகையைப் பாருங்கள்.

அருங்காட்சியகம் மூடியிருந்ததாக ஒருவர் எழுதினார். திங்கட்கிழமை விடுமுறை, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இன்னொருவர் லோயாங் பாலத்தில் வெறும் தண்ணீரைத்தான் பார்த்தேன் என்றார். கடல் வற்றும் நேரத்தை முந்தின இரவே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அப்போதுதான் படகு முனை போன்ற பாலத்தின் கால்களும், அவற்றில் இன்றும் அப்பிக்கிடக்கும் சிப்பிகளும் தெரியும்.