ரெண்டு லிப்போவ பேரலல்ல போட்டப்ப ஒண்ணு மட்டும் சூடாச்சு – என் அனுபவம்

அயோத்தியாப்பட்டணம் பக்கம் பொட்டக்காட்டுல ஆர்சி (ரிமோட்ல ஓட்டுற) ப்ளேன் விடுறோம், அதிக நேரம் பறக்கட்டும்னு ரெண்டு 3எஸ் லிப்போவ (மூணு செல் வரிசையா இருக்குற லித்தியம் பேட்டரி பேக்) பேரலல்ல, அதாவது ப்ளஸ்ஸோட ப்ளஸ், மைனஸோட மைனஸ் சேத்து போட்டிருந்தேன். இறக்கிப் பாத்தா ஒரு பேக் கொதிக்குது, இன்னொண்ணு சும்மா வெதுவெதுன்னு இருக்கு.

மச்சான் பேட்டரி போச்சுன்னான். எனக்கு நம்பிக்கையில்ல. ப்ளேன கட்டிப்போட்டு த்ராட்டில் குடுத்து டிசி கிளாம்ப் மீட்டர (ஒயர வெட்டாம சுத்திப் பிடிச்சே கரண்ட்ட அளக்குறது) ஒவ்வொரு பேக்கோட ஒயர்லயும் மாட்டுனா, சூடாகுற பேக்தான் பெரும்பங்கு கரண்ட்ட குடுக்குது. அடுத்த பேக்கோட கனெக்டர் ஸ்லீவ உரிச்சா சால்டர் கருத்து, பாதி இழைதான் ஒட்டிட்டிருக்கு. ரெசிஸ்டன்ஸ் ஏறுனா அந்தப் பக்கம் கரண்ட் கம்மியாத்தானே போகும்!

ரெண்டுக்கும் ஒரே தடிமன், ஒரே நீளத்துல சிலிக்கான் ஒயர் போட்டு சால்டர் வச்சேன், பேக்குக்கு ஒண்ணுன்னு தனித்தனி ஃபியூஸும் போட்டாச்சு. இப்ப கரண்ட் கிட்டத்தட்ட சமமா போகுது.

மாட்டுறதுக்கு முன்னாடி செல் செக்கர்ல பாப்பேன், ரெண்டு பேக்குக்கும் நடுவுல செல்லுக்கு 0.1 வோல்ட்டுக்கு மேல வித்தியாசம்னா மாட்டவே மாட்டேன், ஏன்னா ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு கரண்ட் குபீர்னு பாயும். 3எஸ்ஸோட 4எஸ் சேக்குறதெல்லாம் பேச்சுக்கே இடமில்ல. பறக்குறப்ப ரெண்டு பேக்கோட பேலன்ஸ் லீடயும் (ஒவ்வொரு செல்லுலருந்தும் வர்ற சின்ன ஒயர்) ஒண்ணா சேக்காம பேக்குக்கு ஒரு அலாரம், செல் 3.5 வோல்ட்டுக்கு இறங்குனா கத்தும். லீட சேத்துட்டா வீக்கான செல்ல பக்கத்து பேக் தாங்கிப் பிடிக்கும், மீட்டர்ல எல்லாம் நல்லாருக்க மாதிரியே தெரியும். வீட்டுக்கு வந்ததும் அலாரத்த கழட்டிடணும், அதுவே கொஞ்சங்கொஞ்சமா சார்ஜ உறிஞ்சும். சேலம் வெயிலுக்கு ஃபுல் சார்ஜ்ல வச்சா சீக்கிரம் உப்பிரும், அதனால செல்லுக்கு 3.8 வோல்ட்லதான் எடுத்து வைக்கிறேன்.