ஐரோப்பியப் புகலிட உடன்பாடு: புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய புகலிட, புலம்பெயர்வு உடன்பாடு ஒரு கொடுக்கல் வாங்கல். இத்தாலி, கிரீஸ் போன்ற எல்லை நாடுகள், வந்து இறங்குவோரை எல்லையிலேயே பதிந்து விசாரிக்கும் சுமையை ஏற்கின்றன. பதிலுக்கு மற்ற நாடுகள் ஆண்டுதோறும் தங்கள் பங்கைத் தரவேண்டும். இதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துப் பேசுவதில்தான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன.

அதிகம் பரவியிருக்கும் பிழை, 'எல்லா நாடுகளும் அகதிகளைக் கட்டாயம் ஏற்கவேண்டும்' என்பது. 2015 செப்டம்பரில் அப்படித்தான் முயன்றார்கள். 1,60,000 பேரைப் பகிர்ந்தளிக்கத் திட்டமிட்டு, அதில் பெரும்பகுதியை ஹங்கேரி, செக், ஸ்லோவாக்கியா, ருமேனியா எதிர்த்தும் பெரும்பான்மையால் நிறைவேற்றினார்கள். கடைசியில் இடம் மாறியவர்கள் ஏறக்குறைய 35,000 பேர்தான். அந்தத் தோல்வியை மனத்தில் வைத்தே 2023 ஜூன் 8 அன்று லக்சம்பர்க்கில் உள்துறை அமைச்சர்கள் வேறு வழிக்கு வந்தார்கள். பங்களிப்பது கட்டாயம், எந்த வடிவில் என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். ஆட்களை ஏற்கலாம், பணம் தரலாம், பணியாளர்களும் கருவிகளும் அனுப்பலாம். போலந்தும் ஹங்கேரியும் இதையும் எதிர்த்தே வாக்களித்தன.

ஆளை ஏற்பதற்குப் பதிலாக ஒரு நாடு தரும் தலைக்கு 20,000 யூரோவை 'அகதியை மறுத்ததற்கான அபராதம்' என்று எழுதுவதும் தவறு. ஆண்டுக்குக் குறைந்தது 30,000 பேர் இடமாற்றம், குறைந்தது 60 கோடி யூரோ நிதி என்பவை சட்டத்தில் உள்ள அளவுகள். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அந்த 20,000 கிடைக்கும். பணமும் ஆளேற்பும் சம மதிப்புள்ள பங்களிப்புகள் என்பதே இதன் பொருள். ஒவ்வொரு நாட்டின் பங்கும் பாதி மக்கள்தொகையையும் பாதி பொருளாதார அளவையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது.

இன்னொரு 30,000-மும் இருக்கிறது, இரண்டையும் குழப்பாதீர்கள். அது எல்லை விசாரணைக்காக ஒன்றியம் முழுவதும் ஒரே நேரத்தில் இருக்கவேண்டிய இடங்களின் எண்ணிக்கை. ஆண்டுக்கு இத்தனை பேரைத்தான் விசாரிப்பார்கள் என்று அதைப் படிக்கக்கூடாது. ஆண்டுக்கு விசாரிப்பதற்கான உச்சவரம்பு முதலில் அந்த இடங்களின் இருமடங்கு, பிறகு மும்மடங்கு, நான்கு மடங்கு என்று ஏறும்.

எல்லை நடைமுறையை விளக்கும்போது கூடுதல் கவனம் தேவை. இங்கே ஒரு சொல் பிசகினாலும் விண்ணப்பிக்கும் குடும்பம் தவறான முடிவெடுக்கும். முதலில் ஏழு நாள் வரை சோதனைப் பதிவு. பாதுகாப்புக்கு அச்சுறுத்தலானவர்கள், அதிகாரிகளை ஏமாற்றியவர்கள், ஒன்றிய அளவில் ஏற்பு விகிதம் (புகலிடம் கிடைத்தவர்களின் பங்கு) 20 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள நாட்டினர் ஆகியோருக்கு எல்லை விசாரணை கட்டாயம். தனியாக வந்த சிறார்களுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. அந்த 20 சதவீதம், கோரிக்கை எந்தப் பாதையில் விசாரிக்கப்படும் என்பதைத்தான் முடிவு செய்கிறது. கோரிக்கையை நிராகரிக்க அது காரணமாகாது. நாட்டு நிலைமை கணிசமாக மாறியிருந்தாலோ, அந்தச் சராசரி பொருந்தாத பிரிவைச் சேர்ந்தவராக இருந்தாலோ இந்த அளவுகோல் அவருக்குப் பொருந்தாது. இதை வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே எடுத்துச் சொல்லவேண்டும்.

'12 வாரத்தில் நாடு கடத்திவிடுவார்கள்' என்ற பேச்சும் பிழை. 12 வாரம் என்பது விசாரணைக்கும் மேல்முறையீட்டுக்கும் உள்ள வரம்பு. அதற்குள் முடியாவிட்டால் பொதுவாக நாட்டுக்குள் அனுமதித்து விசாரணையைத் தொடரவேண்டும். நிராகரிக்கப்பட்டவருக்குத் திருப்பி அனுப்பும் நடைமுறைக்கு இன்னொரு 12 வாரம் இருக்கிறது.

எந்த நாடு கோரிக்கையை விசாரிக்கவேண்டும் என்று முடிவுசெய்யும் 'டப்ளின் விதி ஒழிந்தது' என்று நம்பி வேறு நாட்டுக்குக் கிளம்புவது ஆபத்து. பெயர் மாறினாலும் முதலில் நுழைந்த நாடே பொறுப்பு என்ற அடிப்படை நிலைக்கிறது. அந்த நாட்டின் பொறுப்பு நீடிக்கும் காலம் 12 மாதத்திலிருந்து 20 மாதமாகக் கூடியிருக்கிறது; கடலில் மீட்கப்பட்டு இறக்கப்பட்டவர்களுக்கு மட்டும் 12 மாதம். கைரேகை எடுக்கும் வயது 14-லிருந்து 6 ஆகக் குறைந்திருக்கிறது.

தேதிகளிலும் சறுக்குகிறார்கள். 2023 டிசம்பர் 20 அன்று எட்டியது அரசியல் இணக்கம் மட்டுமே. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2024 ஏப்ரல் 10 அன்றும் உறுப்பு நாட்டு அமைச்சர்களின் மன்றம் மே 14 அன்றும் ஏற்றன. விசாரணை நடைமுறைச் சட்டம் பொருந்தும் நாள் 2026 ஜூன் 12. அதற்கு முன் விண்ணப்பம் தாக்கல் செய்தவர்களின் விசாரணை பழைய விதிப்படியே நடக்கும். ஆகவே யாருக்கும் வழி சொல்லுமுன் அவருடைய விண்ணப்பம் தாக்கலான தேதியைக் கேட்டுப் பாருங்கள்.