கர்சர் ஒன்று, தீம் வேறொன்று: லினக்ஸ் டெஸ்க்டாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்சர் தீமை மாற்றிய பிறகு பாதி ஜன்னல்களில் மட்டும் அது மாறினால், தீம் பழுது என்று எண்ணி வேறொன்றை இறக்கி நிறுவுகிறோம். முதல் தவறு அதுதான். பெரும்பாலும் தீமில் குறை எதுவும் இருக்காது.

லினக்ஸில் கர்சரைத் தேர்ந்தெடுப்பது ஒரே இடம் அல்ல. ஜன்னல்களைத் திரையில் காட்டும் பழைய முறையான எக்ஸ்11-இல் ஒவ்வொரு செயலியும் லிப்எக்ஸ்கர்சர் நிரலகம் வழியாகத் தனக்கான படத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. அதன் இடத்துக்கு வந்த வேலேண்டிலும் நெடுநாள் அப்படித்தான்: செயலி படத்தைத் தரும், எல்லா ஜன்னல்களையும் சேர்த்துத் திரையாக்கும் நிரலான கம்பாசிட்டர் அதைக் காட்டும். 2023-இல் வந்த கர்சர்-ஷேப் நெறிமுறைக்குப் பிறகுதான் செயலி வடிவத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, வரைவதைக் கம்பாசிட்டரிடம் விட முடிகிறது. அதுவும் இரண்டும் அதை ஆதரித்தால்தான். முழு டெஸ்க்டாப் சூழல்களான க்னோமிலும் கேடிஇ பிளாஸ்மாவிலும் நீங்கள் தேர்ந்தெடுத்ததை எல்லோருக்கும் எடுத்துச் சொல்லப் பின்னணிச் சேவைகள் உண்டு. ஜன்னல்களை மட்டும் நிர்வகிக்கும் ஸ்வே, ஐ3 போன்றவற்றில் அந்த வேலை நம் தலையில்தான்.

ஸ்வேக்கு மாறியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஜிடிகே, அதாவது பல செயலிகளின் ஜன்னல்களையும் பொத்தான்களையும் வரையும் நிரலகம். ஜிடிகே-3க்கான செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து தீம் பெயரை எழுதுவார்கள், எதுவும் மாறாது. வேலேண்டில் ஜிடிகே முதலில் மதிப்பது, அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ஜிசெட்டிங்ஸை. அங்கே க்னோம் டெஸ்க்டாப்பின் இன்டர்ஃபேஸ் பிரிவில் உள்ள கர்சர்-தீம், கர்சர்-சைஸ், ஜிடிகே-தீம் மதிப்புகள் கோப்பில் எழுதியதை மீறிவிடும். க்னோமே நிறுவாதவருக்கும் இதுதான் நிலை. எக்ஸ்11-இல், அமைப்புகளைச் செயலிகளுக்குச் சொல்லும் எக்ஸ்செட்டிங்ஸ் சேவை ஏதாவது ஓடினால் அது சொல்வதே செல்லும். அது இல்லாதபோதுதான் கோப்புக்கு முழு மரியாதை. ஆகவே கோப்பைத் திருத்தும் முன், அதை மீறும் இடம் எது என்று பாருங்கள். பிளாஸ்மாவில் இந்தக் கோப்புகளைக் கையால் திருத்தவே வேண்டாம். கேடிஇ தன் அமைப்புகளைக் கொண்டு அவற்றைத் திரும்ப எழுதிவிடும்.

ஸ்வேயின் கான்ஃபிக் கோப்பில் சீட் கட்டளையோடு எக்ஸ்கர்சர் தீமையும் அளவையும் கொடுக்கலாம். அதோடு ஜிசெட்டிங்ஸிலும் அதே பெயர், அதே அளவு. இந்த இரண்டையும் பொருத்தினாலே முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது சூழல் மாறிகள், அதாவது செயலி தொடங்கும்போது படித்துக்கொள்ளும் பெயரிட்ட மதிப்புகள். இவைதான் எனக்கு மிகவும் கவலை தருபவை, ஏனென்றால் எழுதிய ஆளே மறந்துபோன பிறகும் இவை வேலை செய்துகொண்டிருக்கும். ஜிடிகே-தீம் என்ற மாறி மற்ற எல்லா அமைப்புகளையும் மீறும். சோதித்துப் பார்ப்பதற்கென்று இருப்பதை நிரந்தரமாக வைத்துவிடுகிறார்கள். 2022 மார்ச்சில் வந்த க்னோம் 42 முதல் பல செயலிகள் க்னோமின் புதிய தோற்ற நிரலகமான லிப்அட்வைட்டாவுக்கு மாறிவிட்டன. அவை ஜிசெட்டிங்ஸில் உள்ள ஜிடிகே-தீம் அமைப்பைப் பார்ப்பதே இல்லை. கலர்-ஸ்கீம் என்ற அமைப்பில் இருள் வேண்டும் என்று சொன்னால் அதைக் கேட்கும். மாறியைக் கொண்டு வற்புறுத்தினால் பொத்தான்கள் சிதைவதும் எழுத்து பின்னணியில் கரைவதும் நடக்கும். அதற்காகச் செயலியை எழுதியவரிடம் வழு அறிக்கை அனுப்புவது நியாயமல்ல.

ஜிடிகே போன்ற இன்னொரு நிரலகமான க்யூடியிலும் இதே வகைச் சிக்கல் உண்டு. க்யூடி5சிடி, க்யூடி6சிடி என்ற கருவிகள் வழியாகத் தோற்றத்தை அமைக்க பிளாட்ஃபார்ம்-தீம் மாறி தேவை. கூடவே ஸ்டைல்-ஓவர்ரைடு மாறியும் இருந்தால், அந்தக் கருவியில் தேர்ந்தெடுக்கும் ஸ்டைல் எதுவும் எடுபடாது. ஒன்றை நீக்குங்கள்.

மாறிகளை பாஷ்ஆர்சி கோப்பில் எழுதுவதும் பரவலான தவறு. அது டெர்மினலுக்கானது. மெனுவிலிருந்து திறக்கும் செயலிக்கு அந்த மதிப்பு போய்ச் சேராது. "டெர்மினலிலிருந்து திறந்தால் சரியாக இருக்கிறது, மெனுவிலிருந்து திறந்தால் இல்லை" என்பவர்கள் முதலில் இங்கே பார்க்கலாம். எழுத வேண்டிய இடம் ப்ரொஃபைல் கோப்பு, அல்லது சிஸ்டம்டி படிக்கும் என்விரான்மென்ட்-டி ஃபோல்டர். பிறகு வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்.

பெயரிலும் கவனம் வேண்டும். திரையில் தெரியும் பெயரை அல்ல, தீம் இருக்கும் ஃபோல்டரின் பெயரைக் கொடுக்க வேண்டும். கேடிஇயின் ப்ரீஸ் கர்சருக்கு ஃபோல்டர் பெயர் வெறும் ப்ரீஸ் அல்ல. 'ப்ரீஸ்', அடிக்கோடு, 'கர்சர்ஸ்' மூன்றும் சேர்ந்தது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமும் முக்கியம்.

அளவு தனிப் பிரச்சினை. கர்சர் கோப்புக்குள் 24, 32, 48 போலச் சில அளவுகளில்தான் படங்கள் இருக்கும். இல்லாத அளவைக் கேட்டால் லிப்எக்ஸ்கர்சர் பொதுவாக நீட்டியோ சுருக்கியோ தராது, பக்கத்தில் உள்ள அளவை எடுத்துக்கொள்ளும். ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அம்பு திடீரென்று பெரிதாவதற்கு இதுவும் ஒரு காரணம். தீமில் உண்மையில் இருக்கும் அளவையே எல்லா இடத்திலும் கொடுங்கள்.

தனி வேலிக்குள் அடைத்து ஓட்டப்படும் ஃப்ளாட்பேக் செயலிகளில் மட்டும் கர்சர் மாறாமல் இருந்தால், தீம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஹோமில் உள்ள மறைவான ஐகான்ஸ் ஃபோல்டர் அந்த வேலிக்குள் தெரியாது, லோக்கல்-ஷேர்-ஐகான்ஸ் தெரியும். ஆனால் பழைய லிப்எக்ஸ்கர்சர் இந்த இரண்டாவது இடத்தில் தேடாது, ஆகவே ஓரிடத்தில் தீமை வைத்து மற்றதிலிருந்து சிம்லிங்க் (அதைச் சுட்டும் இணைப்பு) கொடுப்பதை விட, இரண்டிலும் நகல் வைப்பதே பாதுகாப்பு.

உள்நுழைவுத் திரையில் பழைய அம்பு தெரிந்தால் உங்கள் அமைப்புகளைத் தோண்ட வேண்டாம். அந்தத் திரையைக் காட்டும் ஜிடிஎம், எஸ்டிடிஎம் இரண்டும் வேறு பயனராக ஓடுபவை. எஸ்டிடிஎம்முக்கு அதன் கான்ஃபிக் கோப்பின் தீம் பிரிவிலேயே கர்சர் பெயரைத் தனியாக எழுத வேண்டும்.