சிறிய ஏஎம் வானொலி நிலையம் தாக்குப்பிடிக்குமா? முதலில் நிலத்தைப் பாருங்கள்

சமூக வானொலி தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் டிரான்ஸ்மிட்டர் விலையைத்தான் முதலில் கேட்பார்கள். நான் நிலம் இருக்கிறதா என்று கேட்பேன். ஏஎம்மில், அதாவது மத்திய அலை வானொலியில், கோபுரமே ஆண்டெனா. அலைநீளத்தில் கால் பங்கு உயரம் வேண்டுமென்றால் 1600 கிலோஹெர்ட்ஸில் சுமார் 47 மீட்டர், 600-இல் 125 மீட்டர். அதனால் மேல் அலைவரிசையைக் கேளுங்கள். ஆனால் அங்கே தரையை ஒட்டிச் செல்லும் தரையலை சீக்கிரம் தேய்ந்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கோபுரத்தைச் சுற்றி மண்ணுக்குள் செம்புக்கம்பிகள் ஆரங்களாக ஓட வேண்டும். முழு அளவில் போட்டால் 120 கம்பிகள். பணத்தை மிச்சம் பிடிக்க இதில் கைவைத்தால் டிரான்ஸ்மிட்டரின் வாட்ஸ் எல்லாம் மண்ணைச் சூடாக்கத்தான் போகும். ஈரமான, உப்புக் கலந்த மண் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஒரு ரேடியோவோடு ஊரைச் சுற்றுங்கள், பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. இரவில் தொலைதூர நிலையங்களின் அலைகள் மேல்வானில் உள்ள மின்னேற்ற அடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி உங்கள் அலைவரிசையில் ஏறிக்கொள்ளும். எல்இடி விளக்கு, மலிவான சார்ஜர் இரைச்சல் தனி.

மின்கட்டணத்தை மறக்காதீர்கள், யாரும் பேசாவிட்டாலும் ஒலியைச் சுமந்து செல்லும் ஊர்தி அலை மின்சாரம் தின்னும். ஒரே ஊருக்கு மட்டும் என்றால் எஃப்எம் உரிமமே கேளுங்கள். சிதறிய கிராமங்கள், மேடுபள்ளம், சொந்த நிலம் மூன்றும் இருந்தால் ஏஎம் பக்கம் வாருங்கள்.