ஒரே பில் என்று கையெழுத்துப் போடும் முன்

போன வாரம் கடைக்கு ஒரு தம்பி வந்தார். கல்யாணமாகி மூன்று மாதம், பாளையங்கோட்டையில் வாடகை வீடு, கணவன் மனைவி இருவருக்குமே வீட்டிலிருந்து வேலை. கையில் ஒரு நோட்டீஸ் வைத்திருந்தார். ஃபைபர் இணைப்பு, இரண்டு போஸ்ட்பெய்டு எண்கள், கூடவே ஓடிடி, எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் ஒரே பில். "அண்ணாச்சி, தனித்தனியா கட்டுறதுக்கு இது லாபம்தான?" என்று கேட்டார்.

எந்த இரண்டு எண்களைக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஒன்று அவருடையது, பேங்க், ஆதார் எல்லாம் அதில்தான் இருக்கிறது. இன்னொன்று ஊரில் தனியாக இருக்கும் அவருடைய அப்பாவின் எண்.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சில வருஷத்துக்கு முன் நான் செய்த காரியத்தை ஒரு எழுத்துகூட மாற்றாமல் அவர் செய்யப் போகிறார்.

இந்த ரீசார்ஜ் கடையை வைப்பதற்கு முன் நான் சென்னையில் வேலை பார்த்தேன். நான்கு வீடு மாறினேன், நான்கு முறையும் இணைப்பு மாறியது. இப்போது தினமும் யாராவது இரண்டு திட்டங்களைக் கொண்டுவந்து எது நல்லது என்று கேட்கிறார்கள். விலையைப் பாருங்கள், வேகத்தைப் பாருங்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அதையெல்லாம் பார்த்த பிறகும் கை சுடுகிற இடங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

## வரி சேர்த்த விலையையும் சேர்க்காத விலையையும் பக்கத்தில் வைப்பது

ப்ரீபெய்டு ரீசார்ஜ் 349 ரூபாய் என்றால் கொடுப்பதும் 349தான். ஜிஎஸ்டி அதற்குள்ளேயே இருக்கிறது. ஃபைபருக்கும் போஸ்ட்பெய்டுக்கும் நோட்டீஸில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் வரிக்கு முந்தைய விலை. பில்லில் 18 சதவீதம் ஏறும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபைபர் 599, போஸ்ட்பெய்டு 449, சேர்த்தால் 1,048. இரண்டையும் சேர்த்து வாங்கினால் 999 மட்டும், மாதம் 49 ரூபாய் மிச்சம் என்பார்கள். அந்த 999 பில்லில் 1,178 ரூபாய் 82 காசாக வரும். இப்போது ஃபைபரை மட்டும் தனியாக எடுத்து, போனை 349 ரூபாய் ப்ரீபெய்டிலேயே விட்டால் என்ன ஆகும்? ஃபைபருக்கு வரியோடு 706 ரூபாய் 82 காசு. ப்ரீபெய்டு 28 நாள் என்பதால் வருஷத்துக்கு 12 முறை போதாது, 13 முறை போட வேண்டும், 4,537 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 378. ஆக மொத்தம் 1,085 ரூபாய்க்குள் முடிகிறது. மிச்சம் என்று சொன்ன திட்டத்தில் வருஷத்துக்கு 1,100 ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போகிறது.

இந்த விலைகள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை. உங்கள் கையில் இருக்கும் நோட்டீஸுக்கு வேறு விடை வரலாம், சேர்த்து வாங்குவதே லாபமாகவும் இருக்கலாம். அது இருக்கட்டும், அவர்கள் எதோடு ஒப்பிட்டு மிச்சம் என்கிறார்கள் என்று பாருங்கள். தங்கள் போஸ்ட்பெய்டு விலையோடு ஒப்பிடுகிறார்கள். நீங்கள் ஒப்பிட வேண்டியது இன்றைக்கு உங்கள் கையைவிட்டுப் போகிற காசோடு.

28 நாள் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற ப்ரீபெய்டு திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவு போட்டது. கேட்டால் கொடுப்பார்கள். கேட்காதவரை யாரும் காட்டுவதில்லை.

## முக்கியமான எண்ணை ஃபைபர் பில்லோடு கட்டிப்போடுவது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

அப்போது மேடவாக்கத்தில் குடியிருந்தேன். ஃபைபர், என் எண், வள்ளியூரில் இருக்கும் அம்மாவின் எண், மூன்றையும் ஒரே பில்லுக்குள் கொண்டுவந்தேன். அம்மா ரீசார்ஜ் முடிந்துவிட்டது என்று யாரையும் தேட வேண்டாம், மாதாமாதம் நானே கட்டிவிடலாம் என்பதுதான் எண்ணம். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாவது மாதம் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். புதிதாகப் போன தெருவில் அந்த நிறுவனத்தின் ஃபைபர் இல்லை. சரி, ஃபைபரை மட்டும் நிறுத்திவிடுங்கள் என்று சொன்னேன்.

அங்கேதான் தொடங்கியது. இலவசமாக இணைப்புக் கொடுத்தது 12 மாதம் இருப்பதாக நீங்கள் ஒப்புக்கொண்டதால், அதற்கு முன் போனால் இணைப்புக் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்றார்கள். அது நான் படிக்காமல் ஒப்புக்கொண்டது, கட்டினேன். ரவுட்டரை எடுக்க ஒரு பையன் வந்தான், பையில் போட்டுக்கொண்டு போனான். சீட்டு எதுவும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த பில்லில் ரவுட்டரைத் திருப்பித் தரவில்லை என்று 2,500 ரூபாய் ஏறியிருந்தது.

கொடுத்துவிட்டேன் என்றேன். எங்கள் கணக்கில் வரவில்லை என்றார்கள். கொடுத்த பொருளுக்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும் என்று அந்த 2,500ஐ மட்டும் கழித்துவிட்டு மீதியைக் கட்டினேன். நியாயம் என் பக்கம் இருப்பதால் இதுதான் சரி என்று நினைத்தேன். ஆனால் ஒரே பில்லில் பாதி கட்டுவது என்று ஒன்று கிடையாது. அவர்கள் கணக்கில் அது பாக்கி. பாக்கி நின்றதும் ரவுட்டரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத இரண்டு போன்களிலும் அவுட்கோயிங் நின்றது.

அது நடக்கும் முன்பே எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிடலாம் என்று 1900க்கு மெசேஜ் அனுப்பிப் பார்த்தேன். பாக்கி இருக்கிறது என்று பதில் வந்தது. போஸ்ட்பெய்டில் வந்த பில்லைத் தீர்க்காமல் போர்ட் செய்வதற்கான குறியீடு கிடைக்காது, விதியே அப்படித்தான். ப்ரீபெய்டில் இந்தப் பேச்சே இல்லை, அந்த நெட்வொர்க்கில் 90 நாள் இருந்திருந்தால் பெரும்பாலும் போதும்.

அம்மா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டாள். "எனக்கு யாருக்கும் பேச முடியலய்யா, போனு ரிப்பேரா?" சிலிண்டர் புக் செய்ய முடியவில்லை, டாக்டரைக் கூப்பிட முடியவில்லை. நான்கு நாள். ஐந்தாவது நாள் 2,500ஐக் கட்டினேன். என் வீட்டில் இல்லாத, நானே எடுத்துக் கொடுத்த ஒரு டப்பாவுக்கு. காசு போனதைவிட, ஒரு கணக்குத் தகராறில் அம்மாவின் போனைப் பணயமாக வைக்க நானே இடம் கொடுத்தேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் சேர்த்து வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பிரிக்கும்போது என்ன ஆகும் என்பதைத்தான். ஃபைபரை மட்டும் நிறுத்தினால் போனுக்கு என்ன விலை? எத்தனை மாதம் இருந்தாக வேண்டும், அதற்கு முன் போனால் எவ்வளவு? ரவுட்டர் யாருடையது, எங்கே, யாரிடம் திருப்பித் தர வேண்டும்? அம்மா அப்பா எண்ணைச் சேர்த்தால் அது யார் பெயரில் பதிவாகிறது? வாய்ப் பேச்சில் விடாமல் மெசேஜிலோ மின்னஞ்சலிலோ பதில் வாங்குங்கள். விற்கிற பையன் நல்லவனாகவே இருந்தாலும் ஆறு மாதத்தில் அவன் வேறு வேலைக்குப் போயிருப்பான்.

பேங்க், ஆதார், சிலிண்டர் இருக்கிற எண்ணை எதோடும் சேர்க்காதீர்கள். சேர்த்து வாங்குவதில் நிஜமாகவே லாபம் இருந்தால், அதற்கென்று ஒரு புது சிம் வாங்கி அதைச் சேருங்கள். நாளைக்குச் சண்டை வந்தால் அந்த சிம் போகட்டும்.

இணைப்புக் கொடுத்த அன்றே ரவுட்டரைத் திருப்பிப் பிடித்து, அடியில் இருக்கும் சீரியல் நம்பரைப் படம் எடுத்து வையுங்கள். திருப்பிக் கொடுக்கும் அன்று, வாங்குகிறவர் கையில் அது இருக்கும்போதே இன்னொரு படம் எடுத்து, ரசீதும் வாங்குங்கள். ரசீது இல்லை என்றால் டப்பாவைக் கொடுக்காதீர்கள்.

## ஓடிடியை விலையில் கழிப்பது

ஓடிடியும் சேர்ந்து வருகிறது, அதன் விலையைக் கழித்துப் பாருங்கள் என்பார்கள். ஏற்கெனவே நீங்கள் காசு கொடுத்துப் பார்ப்பதாக இருந்தால் மட்டும் கழியுங்கள்.

## லேண்ட்லைன் இருக்கிறது என்று நம்பியிருப்பது

ஃபைபரோடு இலவசமாக வரும் லேண்ட்லைனை வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் ஆசையாக வாங்குகிறார்கள். பழைய லேண்ட்லைன் மாதிரி இதுவும் எப்போதும் வேலை செய்யும் என்று நினைக்கிறார்கள். அந்தக் காலத்துச் செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது. அதனால்தான் தெருவே இருண்டு கிடந்தாலும் போன் அடித்தது. கண்ணாடி இழையில் வெளிச்சம் வரும், மின்சாரம் வராது. வீட்டில் கரண்ட் போனால் ஃபைபர் பெட்டி அணையும், அதோடு அந்தப் போனும் போகும். மின்வாரியம் பராமரிப்புக்கு நிறுத்துகிற நாளில் பகல் முழுக்க அப்படித்தான் இருக்கும். இன்வெர்ட்டர் இல்லாத வீடு என்றால் ரவுட்டருக்கு என்றே விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றை விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

## ஏர்ஃபைபரை ஃபைபர் என்று நினைப்பது

பெயரில்தான் ஃபைபர். பெரும்பாலும் வீட்டுக்கு வருவது 5ஜி அலை, மாடியில் ஒரு கருவி வைத்து அதைப் பிடிக்கிறார்கள். கம்பம் இல்லாத தெருவுக்கும் தோட்டத்து வீட்டுக்கும் அது பெரிய உதவி, குறை சொல்லவில்லை. ஆனால் அளவில்லாத டேட்டா என்று இரண்டு நோட்டீஸிலும் போட்டிருந்தாலும் அளவு உண்டு: ஃபைபரில் பெரும்பாலும் மாதம் 3,300 ஜிபி, ஏர்ஃபைபரில் பெரும்பாலும் 1,000 ஜிபி. அதைத் தாண்டினால் வேகம் விழும்.

## எம்பிபிஎஸ்

நோட்டீஸில் போடுகிற இந்த வேகம் மெகாபிட் கணக்கு, நாம் இறக்குகிற ஃபைலின் அளவு மெகாபைட் (எம்பி) கணக்கு. அதனால் எட்டால் வகுங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு விநாடிக்கு இறங்குவது 12.5 எம்பி.

## தெருவில் கேட்காமல் வாங்குவது

ஒரே நிறுவனம், ஒரே திட்டம், பாளையங்கோட்டையிலேயே சாந்தி நகரில் ஒரு மாதிரி, மகாராஜா நகரில் வேறு மாதிரி. பல ஊர்களில் கேபிளை இழுப்பதும் அறுந்தால் ஒட்டுவதும் உள்ளூர் ஆட்கள்தான், பிஎஸ்என்எல் ஃபைபர் உட்பட. ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருகிறார் என்று அதே தெருவில் மூன்று வீட்டில் கேளுங்கள். இணையத்தில் இருக்கும் எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் இந்தப் பதில் இல்லை.

## புகார் எண் வாங்காமல் போனை வைப்பது

ரவுட்டர் தகராறில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு நான் பதினோரு முறை பேசினேன். ஒரு முறைகூடப் புகார் எண் கேட்டு வாங்கவில்லை. கேட்டிருந்தால், தீர்வு சரியில்லை என்று 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போயிருக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். புகார் எண் இல்லாமல் அந்தப் படியில் ஏறவே முடியாது. அங்கேயும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. கூப்பிடும்போது பில், ரசீது, சீரியல் நம்பர் படம் மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.