இரவில் கழற்றி வைத்த ஸ்ப்ளிண்ட்

கார்ப்பல் டனல் சிண்ட்ரோம், அதாவது மணிக்கட்டில் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போகும் தொல்லை, என்று கேள்விப்பட்டவுடனே பலர் மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் ஒரு ஸ்ப்ளிண்ட் வாங்கி மாட்டிக்கொண்டுதான் பிசியோதெரபிக்கு வருகிறார்கள். அவர்கள் செய்யும் தவறு எதுவும் எனக்குப் புதிதாகத் தெரிவதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வலது கைக்கே இது வந்தது, அத்தனை தவறையும் நானும் செய்தேன். இடையிடையே கைக்கு ஓய்வு கொடுங்கள் என்பதை எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பகலில் கட்டி, இரவில் கழற்றுவது

இன்றும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இது. மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் வளைவாக அமைந்திருக்கின்றன. அவற்றின் மேல் தடித்த நார்ப்பட்டை ஒன்று கூரை போல இழுத்துக் கட்டியிருக்கிறது. நடுவில் உள்ள சந்து வழியாக விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் போகின்றன. இருப்பதே நெருக்கமான இடம். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினாலும் பின்பக்கம் வளைத்தாலும் உள்ளே அழுத்தம் ஏறும், நேராக வைத்தால் இறங்கும்.

தூக்கத்தில் நாம் என்ன செய்கிறோம்? கையைச் சுருட்டி, கன்னத்துக்கோ தலையணைக்கோ அடியில் வைத்து, மணிநேரக் கணக்கில் அப்படியே கிடக்கிறோம். நடு ராத்திரியில் விரல்கள் மரத்து, எழுந்து கையை உதறுவது அதனால்தான்.

நான் பகல் முழுக்க ஸ்ப்ளிண்ட்டோடு வேலை பார்த்தேன். வெல்க்ரோ உரசுகிறது, வியர்க்கிறது என்று படுக்கும்போது கழற்றிவிடுவேன். மூன்று மாதம் இப்படியே போனது. மரத்துப்போவது குறையவே இல்லை. ஒருநாள் மூத்த சிகிச்சையாளரான அக்கா ஒருவர், "ராத்திரி இது எங்கம்மா இருக்கும்?" என்று கேட்டார். "மேஜை மேலதான் அக்கா" என்றேன். அவர் எதுவும் பேசாமல் ஸ்ப்ளிண்ட்டை வாங்கி, உள்பையில் இருந்த உலோகப் பட்டையை உருவி என் முன்னால் வைத்தார். அது மேல்நோக்கி நன்றாக வளைந்திருந்தது. அதாவது, கட்டியிருந்த நேரத்திலும் என் மணிக்கட்டு பின்பக்கம் வளைந்தே இருந்திருக்கிறது.

கடையில் வாங்கும் பல ஸ்ப்ளிண்ட்களில் பட்டை இப்படித்தான் வளைந்து வரும். உருவி எடுத்து, மேஜையில் அழுத்தி நேராக்கி, திரும்பச் செருகுங்கள். கட்டிய பிறகு முன்கைமேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள், புறங்கையும் அதே கோட்டில் வர வேண்டும். விரல்கள் தாராளமாக மடங்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் அந்த இறுக்கமே நரம்பை அழுத்தும். இப்படி விடாமல் ஆறு வாரமாவது இரவில் அணிந்த பிறகுதான் பலன் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். நான்கு நாளில் "சரிப்படவில்லை" என்று தூக்கி வைப்பவர்களைப் பார்த்தால் என் அந்த மூன்று மாதம்தான் ஞாபகம் வருகிறது.

சுண்டுவிரலை மறப்பது

மீடியன் நரம்பு உணர்வு தருவது கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரல் வேறொரு நரம்பின் பங்கு. அது மட்டும் மரத்தால் முழங்கைப் பக்கம் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பும்போது கைக்குள் மின்னல் போல இறங்கினால் கழுத்தைப் பார்க்க வேண்டும். "கை மரக்குது" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தெந்த விரல் என்று இரண்டு இரவு கவனித்து எழுதிக்கொண்டு போங்கள்.

எல்லாப் பழியையும் கீபோர்டு மேல் போடுவது

தைராய்டு குறைவு, சர்க்கரை, முடக்குவாதம், கர்ப்பம் எல்லாமே காரணமாகலாம். ரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தானாக வைட்டமின் பி6 சாப்பிடுவது

வேண்டாம். அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

வலி போனதும் விட்டுவிடுவது

தையல் வேலை செய்யும் ஒரு பெண் வந்தார். ராத்திரி எரிச்சல் நின்று பல மாதமாகிவிட்டதாம், குணமாகிவிட்டது என்று சந்தோஷமாக இருந்திருக்கிறார். ஊசி அடிக்கடி கை நழுவுவதால்தான் வந்தார். ஒரு பட்டனை எடுக்கச் சொன்னேன். கட்டைவிரல் ஆட்காட்டி விரலுக்கு எதிரே வந்து நிற்கவில்லை, பக்கவாட்டில் கிள்ளியே எடுத்தார். கட்டைவிரலின் அடிமேடு சப்பையாகியிருந்தது. நரம்பு வலியைச் சொல்லும் தெம்பையே இழந்திருந்தது.

அறுவை சிகிச்சையில் அந்த நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் கொடுப்பார்கள். அவருக்கு மரத்துப்போவது குறைந்தது. கரைந்த தசை முழுதாகத் திரும்பவில்லை. ஸ்டீராய்டு ஊசி பலருக்கு நல்ல நிவாரணம் தருவது உண்மைதான், ஆனால் சில மாதங்களில் தொல்லை திரும்பலாம். மேடு சப்பையான பிறகு ஊசியை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

இன்றே நல்ல வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கையின் கட்டைவிரல் அடிமேடு இன்னொரு கையுடையதைவிடத் தட்டையாகத் தெரிந்தாலோ, மரத்த விரல் பகலிலும் தெளியாமல் இருந்தாலோ, இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை பற்றிக் கேளுங்கள்.