விட்டு விட்டுப் போகும் வால்வு ஆம்ப்: புது வால்வு வாங்குவதற்கு முன்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் கிடந்த பழைய மைக்செட் ஆம்ப் இது. பின்னால் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு இஎல்34 இரண்டு, முன்னால் சிக்னலைப் பெருக்கும் சின்ன வால்வு இசிசி83. போட்டவுடன் நன்றாகப் பாடும். அரை மணி நேரம் போனால் சத்தம் மெல்லத் தேய்ந்து, பிசிறடித்து, கூடவே ஹம், அதாவது ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல், ஏறும். வால்வைக் கழற்றிச் செருகினால் சரியாகிவிடும், சில நாள் கழித்துப் பழைய கதைதான். இப்படிப்பட்ட கோளாறை நினைத்தபோது வரவழைக்கத் தெரிகிற வரை எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள்.

மீட்டர் பிடிக்கவும் ஈயம் வைக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பாதுகாப்பு. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் அது நிற்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு முனையிலும் உறை போட்ட கிளிப் வைத்து, எச்டி (ஹை டென்ஷன்) எனும் அந்த உயர் வோல்ட் டிசி லைனுக்கும் சேஸிஸ் எனும் உலோகச் சட்டத்துக்கும் நடுவே மாட்டுங்கள். 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஐந்தாறு நொடியில் இறங்கிவிடும். மீட்டரிலும் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பட்டென்று ஷார்ட் பண்ணுவது வேண்டாமுங்க. ஸ்பீக்கர் மாட்டாமலும் ஓட்டக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். சத்தம் பட்டென்று அறுந்து, கரகரத்துத் திரும்பினால் சிக்னல் பாதையிலோ எச்டி லைனிலோ ஒரு இணைப்பு விடுகிறது. பல நொடி எடுத்து மெல்லத் தேய்ந்து, மெல்லவே திரும்பினால் ஹீட்டரைச் சந்தேகப்படுங்கள். வால்வுக்குள் எலெக்ட்ரானை விடும் கேதோடைச் சுட வைக்கும் இழைதான் ஹீட்டர். கேதோடு ஆற நேரம் பிடிக்கும், அதனால்தான் இந்த நிதானம். கூடவே ஹம் ஏறினால், புஷ்-புல் ஜோடியில் (மாறி மாறி இழுக்கும் இரண்டு இஎல்34-இல்) ஒரு வால்வு மட்டும் படுத்துவிட்டது என்று கொள்ளலாம். இரண்டும் சமமாக இழுக்கும்போது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் ஹம், ஒன்று போனதும் வெளியே வந்துவிடும்.

கரகரப்பு என்றால் வால்யூமைக் குறைத்துப் பாருங்கள். அதுவும் கூடவே குறைந்தால் கோளாறு வால்யூமுக்கு முன்னால், குறையாவிட்டால் பின்னால். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

இனிமேல்தான் சிக்கல். இரண்டு இஎல்34-ஐயும் இடம் மாற்று, கோளாறு வால்வோடு போனால் வால்வு கெட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். விட்டு விட்டு வரும் கோளாறில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. கழற்றிச் செருகும்போதே கால்கள் சாக்கெட்டில் உரசித் தொடர்பு திரும்பிவிடுகிறது. புது வால்வு போட்டாலும் அதே உரசல்தான். வால்வு கெட்டிருந்தது என்று நம்பிவிடுவோம், பணம்தான் வீண்.

தொடாமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இஎல்34-க்கு ஹீட்டர் 2, 7ஆம் கால்கள். சாக்கெட்டின் அடியில் அந்த இரண்டு காதுகளிலும் (கம்பிக்கு ஈயம் வைக்கும் தகடுகள்) மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே மீட்டர் கிளிப்பை மாட்டி, ஏசி வோல்ட்டில் வைத்துவிட்டு, கோளாறு வரும்வரை காத்திருங்கள். வால்வின் ஒளி மங்கும்போது காதுகளில் 6.3 வோல்ட் அப்படியே நின்றால் சாக்கெட்டின் உள்பிடிதான் தளர்ந்திருக்கிறது. அங்கேயும் இறங்கினால், பின்னால் போய் ஈயம் வெடித்த இடத்தைத் தேடுங்கள். இந்த ஹீட்டர் 1.5 ஆம்பியர் இழுக்கும். தொடர்பில் ஒரு ஓம் கூடினாலே வால்வுக்குக் கிடைப்பது சுமார் 5 வோல்ட்தான்.

சிக்னல் பக்கம் என்றால் காய்ந்த ஐஸ் குச்சியால் ஒவ்வொரு இணைப்பையும் அழுத்திப் பாருங்கள், இடது கை பாக்கெட்டில் இருக்கட்டும். எல்லோரும் தட்டுவார்கள். தட்டினால் சேஸிஸ் முழுக்க அதிரும், எங்கே தட்டினாலும் கோளாறு வரும். அழுத்தினால் ஒரு இடத்தில்தான் வரும். இசிசி83-ஐத் தட்டினால் ஸ்பீக்கரில் லேசாக ‘டிங்’ என்று கேட்பது சகஜம், அதைத் துரத்தாதீர்கள்.

சாக்கெட்தான் என்று உறுதியானால் அணைத்து, மறுபடி டிஸ்சார்ஜ் செய்து, வால்வு ஆறிய பிறகு கழற்றுங்கள். மூட்டை தைக்கும் கோணி ஊசியால் உள்ளிருக்கும் தகட்டைத் துளையின் நடுவை நோக்கி நெம்பிவிட வேண்டும். இதற்கென விற்கும் கருவிகளை விட எனக்கு இதுதான் கைக்கு வாகு. எண்ணெய்ப் பசை விடாத கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, வால்வை நாலைந்து முறை செருகி எடுத்து, நன்றாகக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் கூடாது. பேக்கலைட் கருகியிருந்தால் துடைத்துப் பயனில்லை, கரி மின்சாரத்தைக் கடத்தும். செராமிக் சாக்கெட் போட்டுவிடுங்கள். சேஸிஸ் எர்த்துக்கு ஈயம் வைக்க 25 வாட் அயர்ன் பற்றாது, 60 வாட் வேண்டும்.

முடித்த பிறகு, முன்பு கோளாறை வரவழைத்த அதே வழியில் மறுபடி முயலுங்கள். வராவிட்டால் மூடலாம்.

பின்சேர்க்கை: சாக்கெட்டைச் சரிசெய்தும் மாலையானால் சத்தம் தேய்கிறது என்று கோபிப் பக்கத்து அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். வீட்டு பிளக்கில் அளக்கச் சொன்னேன், 190 வோல்ட்! 230-க்குக் கட்டிய டிரான்ஸ்ஃபார்மர் அப்போது ஹீட்டருக்கு 5.2 வோல்ட்தான் தரும். ஸ்டெபிலைசர் வைத்ததும் தீர்ந்தது.

இன்னொன்று: ஆடிக் காற்றில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தூசியும் தென்னை நார்த் துகளும் கிளம்பும். வேலை நடக்கும் நாட்களில் திறந்த சேஸிஸைத் துணி போட்டு மூடி வையுங்கள், ஆனால் ஓடும்போது வேண்டாம், வால்வு சூட்டில் துணி பற்றிக்கொள்ளும்.